ரெட்ரோ ராக்கரோட ரெண்டாவது ஆல்பத்தை எப்படிக் கேக்குறது: லென்னி கிராவிட்ஸை வச்சு ஒரு செய்முறை

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இந்த ஆல்பத்தோட பேரு Mama Said, அதை மாமா செட்னு தமிழ்ல எழுதுனா ஏதோ நம்ம தாய்மாமா சொன்னாருங்கற மாதிரி இருக்கும், ஆனா இது அம்மா சொன்னது. 60கள், 70கள் சத்தத்துலயே பாட்டுப் போடுற அமெரிக்க ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸோட ரெண்டாவது ஆல்பம், 1991 ஏப்ரல்ல வந்துச்சு, 14 பாட்டு. இந்த ஆல்பத்தை எங்க செட்டுல எப்ப போட்டாலும் ஒரே கூத்துதான், ரெண்டாவது நிமிஷம் ஒருத்தன் "டேய் இது ஹெண்ட்ரிக்ஸ்டா"ம்பான், பத்து நிமிஷம் போனா இன்னொருத்தன் "இது கர்டிஸ் மேஃபீல்ட்"ம்பான், பதினோராவது பாட்டு வந்தா மூணாவது ஆளு "அடேய் இது ஜான் லெனனேதான்"னு எந்திரிச்சு நிப்பான். ஹெண்ட்ரிக்ஸ் ராக் கிட்டார்காரர், மேஃபீல்ட் சோல்ங்கற கறுப்பின இசை வகையில பாடுனவரு, லெனன் பீட்டில்ஸ்காரர், மூணு பேரு சொல்றதும் சரிதான். அதான் பிரச்சனையே, சரியாச் சொல்லிட்டோம்ங்கற சந்தோஷத்துல எவனும் பாட்டைக் கேக்குறதே இல்ல.

இது வந்த நாள்லேர்ந்தே இந்தச் சண்டை ஓடுது. ஒரு கோஷ்டி பழைய கள்ளு புது மொந்தைன்னு முடிச்சிடும், இன்னொரு கோஷ்டி கள்ளு நல்லா இருக்குல்ல, மொந்தையைப் பத்தி உனக்கென்னம்பாங்க. நான் ரொம்ப நாள் மொத கோஷ்டியில இருந்தவன், இப்ப ரெண்டுலயும் இல்ல. இந்த மாதிரி ஆல்பத்தை எப்படிக் கேட்டா ஒரு நியாயமான தீர்ப்புக்கு வரலாம்னு நான் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

மொத வேலை, மொத ஆல்பத்தைக் கேளுங்க

ரெண்டாவது ஆல்பத்தை மட்டும் தனியா எடுத்துக் கேட்டுட்டுப் பேசுறது சினிமாக்கு இண்டர்வெல்லுக்கு அப்புறம் போற மாதிரி. லெட் லவ் ரூல் 1989 செப்டம்பர்ல வந்துச்சு, ஒரு ராத்திரி அதுக்கு ஒதுக்குங்க. கேக்குறப்ப அந்தக் காலத்துல ரேடியோல என்ன ஓடிச்சுங்கறதை மனசுல வச்சுக்கங்க, 80கள் முழுக்க டிரம்ஸ்னா ஒரு பெரிய ஹால்ல பீரங்கி வெடிச்சு, வெடிச்ச சத்தத்தைக் கத்தரிக்கோலால நறுக்குன மாதிரி ஒரு சத்தம், அதுக்கு மேல சிந்த்தசைசர், அதுக்கு மேல பளபளன்னு ஒரு டிஜிட்டல் பூச்சு. அதுக்கு நடுவுல இந்த ஆளு வந்து பக்கத்து ரூம்ல யாரோ வாசிக்கிற மாதிரி காஞ்சு போன டிரம்ஸ் சத்தத்தோட, வால்வு ஆம்ப்ளிஃபயர் வச்சு, டேப்ல பதிஞ்சு ஒரு ஆல்பம் போட்டா, அது அன்னைக்கு ஒரு நியூஸ். காதல், சமாதானம், எல்லாரும் கை கோத்துக்கலாம்ங்கற 1969 வாசனை வேற.

ஆனா நியூஸ் ஒரு தடவைதான் நியூஸ். ரெண்டாவது தடவை அதே ஆளு அதே பழைய சத்தத்தோட வந்தா "மறுபடியும் அதேவா"ன்னு ஒருத்தன் கேப்பான், கொஞ்சம் மாத்திப் போட்டா "மொத ஆல்பம் மாதிரி இல்லையே"ன்னு இன்னொருத்தன் கேப்பான், சில சமயம் ரெண்டையும் ஒரே ஆளே கேப்பான். மாமியார் வச்ச குழம்புல உப்பு கூடவும் கூடாது குறையவும் கூடாதுங்கற கதைதான். ரெண்டாவது ஆல்பத்தைப் பத்தி யாராவது குறை சொன்னா அது இந்த ரெண்டுல எந்தக் குறைன்னு மொதல்ல பாருங்க, பாதிக் குறை அங்கயே கழிஞ்சிடும்.

எதுல கேக்குறது, எந்த வரிசையில

ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அவ்வளவுதான். நல்ல வயர் ஹெட்ஃபோன் போதும், பெரிய செலவெல்லாம் வேணாம், ஈக்வலைசர்ல பேஸ் பூஸ்ட்டை மட்டும் அணைச்சு வைங்க ஏன்னா இந்த ஆல்பத்தோட பேஸ் கிட்டார் ஏற்கனவே உருண்டையா நல்லாத்தான் இருக்கு, ஏத்துனா கொழகொழன்னு ஆயிடும். 2012ல டெமோவெல்லாம், அதாவது பாட்டோட மொத முயற்சிப் பதிவெல்லாம், சேத்து ஒரு டீலக்ஸ் எடிஷன் வந்துச்சு, ஸ்ட்ரீமிங்ல அதுதான் மொதல்ல கண்ணுல பட்டாலும் படும், மொத தடவை கேக்குறவங்க ஒரிஜினல் 14 பாட்டோட நிறுத்திக்கங்க. டெமோவெல்லாம் காதலிச்சு முடிச்சப்புறம் பாக்குற சின்ன வயசு ஃபோட்டோ மாதிரி, முன்னாடியே பாத்தா ஒண்ணும் தோணாது.

வரிசையைப் பத்தி எங்கிட்ட ஒரு கிறுக்கு முறை இருக்கு. ஒண்ணுல ஆரம்பிக்காம மொதல்ல நாலாவது பாட்டு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஆறு, அப்புறம் ஒம்பது, இந்த நாலையும் கேட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து ஒண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் நிறுத்தாம கேளுங்க. ஏன்னா மொத பாட்டு ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய் இவரு எழுதுனதே இல்ல, நியூயார்க் ராக் என்செம்பிள்னு ஒரு பழைய பேண்டோட பாட்டு, அதை எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தர் மைக்கேல் கேமன், பின்னாடி ஹாலிவுட்ல பெரிய இசையமைப்பாளர் ஆனாரு, அதே 1991ல பிரையன் ஆடம்ஸ் பாடி உலகமே முணுமுணுத்த ராபின் ஹூட் படத்துப் பாட்டுலயும் அவருக்குப் பங்கு உண்டு. ஏற்கனவே காப்பி காப்பின்னு ஊர் பேசுறப்ப ரெண்டாவது ஆல்பத்தைப் போயி அடுத்தவன் பாட்டுல தொடங்குறதுன்னா, ஒண்ணு அசட்டுத் துணிச்சல், இல்ல திமிரு. எனக்கு அந்தத் திமிரு புடிச்சிருக்கு, ஆனா புதுசா கேக்குறவனுக்கு அது நல்ல வாசப்படி இல்ல.

ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போடுங்க

இதான் முக்கியமான வேலை, மத்ததெல்லாம் விட்டாலும் இதை விடாதீங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் இடது பக்கம் இது யாரை ஞாபகப்படுத்துதுன்னு எழுதுங்க, வலது பக்கம் அந்த ஆளுங்க யார்கிட்டயும் இல்லாதது இதுல என்ன இருக்குன்னு எழுதுங்க. இடது பக்கம் கடகடன்னு ரொம்பிடும், அது சுலபம், நம்ம ஊர்ல ஒரு குழந்தை பொறந்தா அப்பா மூக்கு, அம்மா கண்ணு, தாத்தா நெத்தின்னு வந்தவங்கெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டுப் போற மாதிரி. ஆனா ராத்திரி அழுறது அந்தக் குழந்தைதானே, வலது பக்கம்ங்கறது அந்த அழுகை.

நாலாவது பாட்டை எடுத்துக்கங்க, இட் எய்ன்ட் ஓவர் டில் இட்ஸ் ஓவர். இடது பக்கம் எழுத ஒரு பக்கம் பத்தாது, மோட்டவுன் கம்பெனிப் பாட்டு, ஃபிலடெல்ஃபியா ஊர் சோல், பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் மாதிரி உச்சத்துல மெல்லிசாப் பாடுற கள்ளக்குரல், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் பேண்டு. கடைசியா சொன்னது வெறும் சாயல் கூட இல்ல, அந்த பேண்டோட ஊதுகுழல் கோஷ்டியான ஃபீனிக்ஸ் ஹார்ன்ஸையே கூப்பிட்டு வாசிக்க வச்சிருக்காரு. அதுல கினுகினுன்னு ஒரு தந்தி சத்தம் வருதே, அது எலெக்ட்ரிக் சித்தார், பாக்க கிட்டார் மாதிரி இருக்கும், 1967 வாக்குல அமெரிக்காவுல செஞ்சது, சித்தார் கத்துக்காமயே சித்தார் சத்தம் வேணும்ங்கறவங்களுக்கு. 70கள்ல ஃபிலடெல்ஃபியா பாட்டுல அது நெறைய கேக்கும். சரி, இப்ப வலது பக்கம். அந்தப் பழைய பாட்டெல்லாம் நாலஞ்சு பேரு ஒரு ரூம்ல சேந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்து வாசிச்சது. இதுல டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, சித்தார் எல்லாம் முக்காவாசி ஒரே ஆளு, ஒண்ணு மேல ஒண்ணாப் பதிஞ்சது. அதனால அந்தத் தாளத்துல ஒரு தனிமை இருக்கு, யாரும் யாரையும் தூண்டல, டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கும் பாடுறவனுக்கும் ஒரே துக்கம். இதை நான் கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, நீங்க ஒரு ராத்திரில கண்டுபுடிச்சிடலாம்.

ரெண்டாவது பாட்டு ஆல்வேஸ் ஆன் தி ரன். கன்ஸ் அண்ட் ரோஸஸ் பேண்டோட கிட்டார்காரர் ஸ்லாஷோட ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, அவரும் கிராவிட்ஸும் பெவர்லி ஹில்ஸ் ஹைஸ்கூல்ல படிச்சவங்க. அம்மா இதைச் சொன்னா அதைச் சொன்னான்னு வரிக்கு வரி வருது பாருங்க, ஆல்பத்தோட பேரு அங்கேர்ந்துதான். அம்மா ராக்ஸி ரோக்கர், தி ஜெஃபர்சன்ஸ்ங்கற டிவி தொடர்ல வெள்ளைக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட கறுப்பினப் பொண்ணா நடிச்சவங்க, நிஜ வாழ்க்கையிலயும் அப்படித்தான், அப்பா சை கிராவிட்ஸ் யூதர், என்பிசியில நியூஸ் புரொட்யூசர். இடது பக்கம் ஃபங்க்ங்கற ஆட வைக்கிற தாள இசை, அதுல பேர் போன ஸ்லை ஸ்டோன்னு எழுதுவீங்க. வலது பக்கம் நான் எழுதுனது ஒண்ணே ஒண்ணுதான்: ஹார்டு ராக் கிட்டார்காரனைக் கூட்டிட்டு வந்து இடுப்பை ஆட்ட வச்சிருக்கான்.

ஆறாவது பாட்டு வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட் அப்பட்டமா மேஃபீல்ட், ஒத்துக்கிறேன், ஆனா எனக்கு ஆல்பத்துலயே ரொம்பப் புடிச்ச பாட்டு இதுதான், அவசரமே இல்லாம நடந்து போற பாட்டு. பதினோராவது ஆல் ஐ எவர் வாண்டட் லெனன் மாதிரி இருக்குன்னு திட்டுறதுக்கு முன்னாடி கூட எழுதுனது யாருன்னு பாருங்க, ஷான் லெனன், ஜானோட மகன், அப்ப பதினஞ்சு வயசு இருக்கும். அந்தப் பையன் வீட்டு சொத்தைப் பத்தி நாம என்ன பஞ்சாயத்து பண்றது.

ஆனா வலது பக்கம் காலியா இருக்குற பாட்டும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஸ்டாப் டிராகின் அரவுண்டுக்கும் வென் தி மார்னிங் டர்ன்ஸ் டு நைட்டுக்கும் நான் பேனாவைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்ததுதான் மிச்சம். வாசிப்பு நல்லாத்தான் இருக்கு, சத்தமும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹெண்ட்ரிக்ஸ் சட்டையைப் போட்டுட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கிற மாதிரி. காப்பின்னு சொல்றவங்க இந்த ரெண்டு பாட்டை வச்சுச் சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்.

ராகத்தை வச்சு ஒரு சோதனை

பாணியை எடுக்குறது வேற, மெட்டை எடுக்குறது வேற. கல்யாணியில நேத்து ஒருத்தர் பாடுனாரு, இன்னைக்கு இன்னொருத்தர் பாடுறாரு, யாராவது கேஸ் போட்டாங்களா, அவரு எப்படிப் பாடுறாருன்னுதான் பாக்குறோம். எனக்கு சோல், ஃபங்க், ஹெவி ரிஃப் எல்லாம் கிட்டத்தட்ட ராகம் மாதிரிதான் படுது, 1991ல அதை எடுத்துப் பாடுனா அது தப்பில்ல, சங்கதி புதுசா விழுதான்னு மட்டும் பாக்கணும். இதைச் சோதிக்க ஒரு வழி, ஆறாவது பாட்டைக் கேட்ட கையோட மேஃபீல்டோட 1970லேர்ந்து 72 வரைக்கும் வந்த தனி ஆல்பம் ஏதாவது ஒண்ணைப் போடுங்க. மேஃபீல்ட் பாடுறது தெருவைப் பத்தி, நாட்டைப் பத்தி, அவரு குரல் மெல்லிசா இருந்தாலும் ஊருக்கே சொல்ற தோரணை இருக்கும். கிராவிட்ஸ் வினை விதைச்சவன் வினை அறுப்பான்ங்கற அதே கருத்தைத்தான் பாடுறாரு, ஆனா அதுல ஊருக்குச் சொல்றதை விடத் தனக்குத் தானே சொல்லிக்கிறதுதான் எனக்கு அதிகமாக் கேக்குது.

கதையைத் தெரிஞ்சுக்கங்க, ஆனா லேட்டா

மொத தடவை கேக்குறப்ப சொந்தக் கதை எதுவும் தெரிய வேணாம், தெரிஞ்சா ஒவ்வொரு வரியிலயும் அதையே தேடுவீங்க. ரெண்டாவது மூணாவது தடவைக்கு அப்புறம் இதைச் சேத்துக்கங்க: 1987ல நடிகை லிசா போனெட்டைக் கல்யாணம் பண்ணினாரு, மொத ஆல்பத்துல அவங்க எழுத்தும் இருக்கு, 1988 கடைசியில மக ஸோயி பொறந்தா, இந்த ஆல்பம் உருவான நேரத்துல கல்யாணம் உடைஞ்சுக்கிட்டு இருக்கு. நாலாவது பாட்டு யாருகிட்ட கெஞ்சுதுன்னு இப்ப புரியும். ஒம்பதாவது பாட்டு ஃபிளவர்ஸ் ஃபார் ஸோயி மகளுக்கு, அவங்கதான் இப்ப நடிகையா, டைரக்டரா நாம பாக்குற ஸோயி கிராவிட்ஸ். மொத ஆல்பத்துல அன்பு ஆளட்டும்னு உலகத்துக்கே சொன்ன மனுஷன் ரெண்டு வருஷத்துல சொந்த வீட்டுல அது ஆளலையேன்னு பாடுறான். சத்தம் அதே 1970, ஆனா சொல்றதுக்கு இப்பத்தான் அவனுக்குன்னு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. மொத ஆல்பத்தை விட இது தாறுமாறா இருக்குன்னு சொல்றவங்க சொல்றது உண்மை, எனக்கு இது மேலன்னு படுறதும் அதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தவங்க சொல்றதை எடை போடுறது

யாரு சொல்றாங்கங்கறதைப் பாருங்க. 1970ல இருபது வயசுல அந்த ஒரிஜினலெல்லாம் சுடச்சுடக் கேட்ட ஆளுக்கு இது மீந்துபோன சோறு, 1991ல பதினாலு வயசுல எம்டிவியில இதைத்தான் மொதல்ல பாத்த பையனுக்கு இதுதான் வாசல், அவன் இது வழியா உள்ள போயித்தான் ஸ்லை ஸ்டோனையே கண்டுபுடிச்சிருப்பான். ரெண்டு பேரும் பொய் சொல்லல.

இன்னொண்ணு இருக்கு, இதைச் சொல்லாம விட்டா சரியா இருக்காது. இவரு மொத ஆல்பத்துக்கு ரெக்கார்ட் கம்பெனி தேடி அலைஞ்சப்ப உன் இசை கறுப்பாவும் இல்ல வெள்ளையாவும் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்கன்னு அவரே நெறைய பேட்டியில சொல்லியிருக்காரு. எலெக்ட்ரிக் கிட்டாரை இப்படி வாசிக்கலாம்னு உலகத்துக்குக் காட்டுனதே சக் பெர்ரி, ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி கறுப்பினக் கலைஞர்கள், அதை எடுத்துத்தான் இங்கிலாந்துப் பசங்க கோடி கோடியா சம்பாதிச்சாங்க, அது செல்வாக்குன்னு பேரு வாங்கிச்சு. அதையே ஒரு கறுப்பினப் பையன் திரும்ப எடுத்தா அதுக்குக் காப்பின்னு பேரு. எல்லா விமர்சனமும் இப்படின்னு நான் சொல்லல, மேல சொன்ன ரெண்டு பாட்டு மேல இருக்குற குறை நியாயமான குறை, ஆனா ஒரு விமர்சனத்தைப் படிக்கிறப்ப இந்தத் தராசுல எந்தத் தட்டு தாழுதுன்னு ஒரு கண்ணு வச்சுக்கங்க.

விற்பனைக் கணக்கை வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க, அது ரெண்டு கோஷ்டிக்கும் ஆயுதம் குடுக்கும். அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பப் பட்டியல்ல மொத ஆல்பம் 61ஆம் இடம், இது 39, நாலாவது பாட்டு மட்டும் பாட்டுகளுக்கான ஹாட் 100 பட்டியல்ல 2ஆம் இடம் வரைக்கும் போச்சு. பாத்தீங்களா ஜனங்களுக்குப் புடிச்சிருக்குன்னு ஒருத்தன் சொல்லலாம், ஒரே ஒரு பாட்டுதான் ஓடிச்சுன்னு இன்னொருத்தன் சொல்லலாம். இந்த ஆல்பம் வந்து அஞ்சு மாசம் கழிச்சு, அந்த செப்டம்பர்ல நிர்வானா பேண்டோட ரெண்டாவது ஆல்பம் வந்து ராக்னா என்னங்கறதையே புரட்டிப் போட்டுடுச்சு, அதுக்கப்புறம் இந்த வருஷத்தைத் திரும்பிப் பாத்தா சித்தாரும் வயலினும் வச்ச ஆல்பம் இன்னும் பழசாத் தெரியும், ஆனா ஏப்ரல்ல கேட்டவனுக்கு அது தெரியாதுல்ல.

எழுதுறதுக்கு முன்னாடி

ஒரு வாரம் விடுங்க. கேட்ட அன்னைக்கு ராத்திரியே அபிப்பிராயம் சொல்லாதீங்க, நான் அப்படிச் சொல்லித்தான் "மியூசியம் வாட்ச்மேன்"னு நக்கலடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க முன்னாடி அசடு வழிஞ்சேன். ஒரு வாரம் கழிச்சு எந்தப் பாட்டு தானா வாயில வருதுன்னு பாருங்க. அப்புறம் எழுதுங்க, எழுதுறப்ப ஆல்பம் மொத்தத்தையும் ஒரே வார்த்தையில அடிக்காம பாட்டுப் பேரைச் சொல்லி எழுதுங்க, எந்த நிமிஷத்துல என்ன கேட்டீங்கன்னு எழுதுங்க. "சத்தம் பழசு"ன்னா எந்த சத்தம்னு சொல்லுங்க, டிரம்ஸா குரலா ரிஃப்பா. இந்த ஆல்பத்துக்கு நியூஜெர்சி ஹோபோக்கன்ல ஹென்றி ஹிர்ஷ்ங்கற இன்ஜினியர் மெனக்கெட்டு அந்தப் பழைய சத்தத்தைப் புடிச்சுக் குடுத்திருக்காரு, அது சோம்பேறித்தனத்துல வந்த பழசு இல்ல, திட்டுறதா இருந்தாலும் அந்த உழைப்பைப் பாத்துட்டுத் திட்டுங்க.

இதே பேப்பர் கோடு வித்தை மத்தவங்களுக்கும் செல்லும். ஜேக் பக்னு ஒரு இங்கிலீஷ் பையன், 2012ல மொத ஆல்பம் இங்கிலாந்துல 1ஆம் இடம், அடுத்த வருஷமே அமெரிக்காவுல மாலிபுவுல புரொட்யூசர் ரிக் ரூபின் ஸ்டுடியோவுக்குப் போயி ரெண்டாவது. கிரேட்டா வான் ஃபிளீட்ங்கற அமெரிக்க பேண்டு பசங்களுக்கு 2018ல மொத ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க்ங்கற இசை விமர்சன வெப்சைட் பத்துக்கு 1.6 குடுத்துச்சு, 2021ல ரெண்டாவது போட்டாங்க. ரெண்டையும் போட்டுக் கோடு கிழிச்சுப் பாருங்க, இடது பக்கம் ரொம்புறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, வலது பக்கம் எவ்வளவு தேறுதுன்னு எனக்கும் சொல்லுங்க.

கடைசியா ஒரு சின்ன விஷயம். பதிமூணாவது பாட்டோட தலைப்புல ஒரு கெட்ட வார்த்தை இருக்கு, வீட்டுல பெரியவங்க இருந்தா ஃபோன் ஸ்கிரீனைத் திருப்பி வச்சிடுங்க. அது முடிஞ்சதும் பட்டர்ஃபிளைன்னு ரொம்பச் சின்னதா ஒரு பாட்டு வரும், அத்தனை ஆரவாரத்துக்கும் அப்புறம் ஒரு ஆளு தனியா உக்காந்து பாடுறது, அது முடிஞ்ச உடனே ஆப் தானா வேற எதையோ தூக்கிப் போட்டுடும், அதனால ஆட்டோபிளேவை மொதல்லயே ஆஃப் பண்ணி வச்சிடுங்க.